பட்டை சொல்லும் பெயர்

மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின்போது சோமசுந்தரப் பெருமானின் திருவிளையாடல்கள் ஒவ்வொன்றாக நிகழ்த்திக் காட்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்று விறகு விற்ற லீலை. வடதிசையிலிருந்து வந்த ஏமநாதன் என்னும் இசைவாணனை எதிர்த்துப் பாட வேண்டிய நிலை பாணபத்திரருக்கு ஏற்பட்டது. அவர் ஆலவாய் அண்ணலிடம் முறையிட்டார். இறைவன் விறகு விற்கும் ஆளாக வடிவெடுத்து, கட்டைத் தலையில் சுமந்து மதுரை வீதிகளில் நடந்தார். ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சாதாரிப் பண் பாடினார். பாணபத்திரரிடம் இசை கற்கச் சென்று தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் தான் என்று அந்த விறகாள் கூறக் கேட்ட ஏமநாதன், இரவோடு இரவாக ஊரைவிட்டே நீங்கினான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது விறகு விற்ற படலமாக விரிகிறது.

இந்த வரலாற்றைக் கேட்போர் அனைவரும் பாடலை நினைவில் கொள்கின்றனர். இறைவன் சுமந்த விறகுக் கட்டைப் பற்றி நினைப்போர் குறைவு. விறகுக்காரர் வாசலுக்கு வந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் விறகைத் தொட்டுப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் இருந்தனர். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி ஓசை கேட்பார்கள்; வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்; பட்டையை நகத்தால் கீறி முகர்வார்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் அந்தப் பழக்கம் மறைந்தது. இன்று பெரும்பாலான இல்லங்களுக்குள் விறகு நுழைவது ஒரே ஒரு வடிவில்தான். ஹோமத்துக்குரிய சமித்தாக, காகிதச் சீட்டு ஒட்டிய சிறு கட்டாக.

சீட்டில் எழுதியிருப்பதும் கட்டில் இருப்பதும் ஒன்றா என்ற கேள்வி காவிரிக் கரையில் உள்ள ஓர் ஊரில், ஒரு வீட்டின் கூடத்தில் எழுந்தது. எழுபது வயது நிறைவு பெறும் பெரியவருக்கு மறுநாள் காலை பீமரத சாந்தி. நவக்கிரக ஹோமத்துக்கான பொருள்கள் எல்லாம் கடையிலிருந்து வந்திருந்தன. முந்தைய நாள் மாலையில் அவற்றைச் சரிபார்க்க வந்த குடும்ப வாத்தியார், ஒன்பது கட்டுகளையும் விளக்கடியில் வரிசையாக வைத்தார். எட்டாவதாக எடுத்த கட்டைச் சற்று நேரம் உருட்டிப் பார்த்துவிட்டுத் தனியே ஒதுக்கினார்.

"மாமா, இது வன்னி இல்லை."

பெரியவர் திகைத்தார். "வன்னி என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறதே. சனி பகவானுக்குரியது என்று கடைக்காரர் சொல்லித்தானே கொடுத்தார்?"

"அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முள்ளைப் பாருங்கள். கணுவுக்குக் கணு இரண்டு இரண்டாக நீண்டிருக்கிறது. இது சீமைக் கருவேலம்."

வாத்தியார் கூறியது உண்மையே. வன்னியும் சீமைக் கருவேலமும் தாவர இயலில் நெருங்கிய உறவுடையவை. இரண்டின் இலைகளும் சிறு சிறு சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவர் மயங்குவது இயல்பு. ஆயினும் வன்னி பாரத நாட்டின் பழமரம்; அர்ஜுனன் தன் காண்டீபத்தை மறைத்து வைத்ததாக மகாபாரதம் கூறும் மரம். சீமைக் கருவேலமோ 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய முள்ளே முதல் சாட்சி. வன்னியின் முள் குட்டையானது. அடி பரந்து, நுனி கூர்ந்து, ரோஜாச் செடியின் முள்ளைப்போலக் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். சீமைக் கருவேலத்தின் முள் நீளமாகவும் நேராகவும் கணுவிலிருந்தே புறப்படும். வன்னியின் காய் மெலிந்து உருண்டு தொங்கும். சீமைக் கருவேலத்தின் காய் தடித்து, வைக்கோல் நிறத்தில் சற்று வளைந்திருக்கும். முதிர்ந்த வன்னியின் பட்டை சாம்பல் நிறத்தில் ஆழமாக வெடித்துச் சொரசொரப்பாக இருக்கும்.

சமித்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னோர் வகுத்த விதிகளை வாத்தியார் அந்தக் கூடத்தில் எடுத்துரைத்தார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்த அளவு நீளம் வேண்டும். விரலுக்கு மேற்பட்ட பருமன் கூடாது. புழு அரித்ததாகவோ, பிளந்ததாகவோ, பட்டை உரிந்ததாகவோ இருத்தல் ஆகாது. இவற்றுள் கடைசி விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. அடுப்புக்கான விறகு பிளக்கப்படுவது. ஆகவே அதன் உள்மரமும் இழையோட்டமும் கண்ணுக்குத் தெரியும். சமித்து பிளக்கப்படாதது, அதன் உள்ளம் மூடியே இருக்கும். அதை இன்ன மரம் என்று சொல்லப் பட்டையும் கணுவும் முள்ளும் மட்டுமே உள்ளன. பட்டையை உரித்துவிட்டால் எல்லாக் குச்சிகளும் ஒன்றுபோலத் தோன்றும். பட்டையோடு இருக்க வேண்டும் என்ற விதி, வேள்வித் தீயில் இடப்படும் பொருளைக் கடைசி நொடிவரை அடையாளம் காண வழி வைக்கிறது.

இந்த விதியைக் கையில் கொண்டு ஒன்பது சமித்துகளையும் வரிசையாகப் பார்க்கலாம்.

சூரியனுக்குரியது எருக்கு. காய்ந்த எருக்கங்குச்சி கையில் எடுத்தாலே காற்றுப்போலக் கனமின்றி இருக்கும். முதிர்ந்த தண்டின் பட்டை வெளிர் நிறத்தில், தக்கையைப்போல மெத்தென்று வெடித்திருக்கும். இளந்தண்டில் மாவு பூசியதுபோல வெண்மை படிந்திருக்கும். பச்சைக் குச்சியை ஒடித்தால் பால் பெருகும். இந்தப் பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்படும். ரத சப்தமியன்று ஸ்நானத்துக்காக எருக்கிலை பறிக்கும் முதியோர், கண்புரை அறுவை செய்துகொண்டவராயின் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். பறித்த கையைக் கழுவாமல் கண்ணைத் துடைக்கவே கூடாது.

சந்திரனுக்குரியது பலாசம். தமிழில் புரசு என்பர். உபநயனத்தில் பிரம்மச்சாரி ஏந்தும் தண்டமும் இம்மரத்தினுடையதே. ஓர் இலைக்காம்பில் மூன்று இலைகள் இருக்கும். பட்டையைக் கீறினால் சிவந்த சாறு கசிந்து, காய்ந்தபின் மாணிக்கத் துணுக்குபோல ஒட்டிக்கொண்டிருக்கும். முள் கிடையாது. இங்குதான் ஒரு மயக்கம் நேர்கிறது. முருக்கு என்னும் பெயர் புரசுக்கும் வழங்குகிறது. வெற்றிலைக் கொடியும் மிளகுக் கொடியும் படர்வதற்கு நடப்படும் கல்யாண முருங்கைக்கும் வழங்குகிறது. இரண்டுக்கும் மூவிலை, இரண்டுக்கும் செந்நிறப் பூ. ஆனால் கல்யாண முருங்கையின் இளங்கிளையில் கறுத்த சிறு முட்கள் இருக்கும்; கட்டையும் நெட்டியைப்போல இலேசாக இருக்கும். முள்ளைக் கண்டால் அது பலாசம் அன்று.

செவ்வாய்க்குரியது கருங்காலி. வடமொழி நூல்கள் இதனைக் கதிரம் என்கின்றன. இது வேல மர இனத்தைச் சேர்ந்தது. கணுவின் கீழே கொக்கிபோல வளைந்த குறு முட்கள் இரண்டிரண்டாக இருக்கும். பட்டை நீண்ட குறுகிய கீற்றுகளாக உரியும். உள்ளே வைரம் செந்நிறமாக இருக்கும். தாம்பூலத்துக்கான காசுக்கட்டி அதிலிருந்தே காய்ச்சி எடுக்கப்படுகிறது. உலக்கைக்கும் சிற்பத்துக்கும் பெயர்பெற்ற கன்னங்கரிய கருங்காலி வேறு மரம். அதற்கு முள் இல்லை. ஒரே பெயரைச் சுமந்த இரண்டு மரங்கள் என்பதை அறியாதவர்கள், கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி என்று எண்ணிச் சாயம் ஏற்றிய கட்டையிடமும் ஏமாறுகின்றனர்.

புதனுக்குரிய நாயுருவி மரமன்று, செடி. அதன் தண்டு நான்கு பட்டையாக இருக்கும். விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, தட்டும். கணுக்கள் புடைத்திருக்கும். கதிரிலுள்ள விதைகள் வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குருவுக்குரிய அரசும் சுக்கிரனுக்குரிய அத்தியும் ஆலமரத்தின் உறவினர். இக்குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. இளங்குச்சியின் ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் அணிந்தாற்போல ஒரு வளையக் கோடு சுற்றி ஓடும். தளிரை மூடியிருந்த உறை உதிர்ந்த தழும்பு அது. குச்சி காய்ந்த பின்னும் அந்த வளையம் மறையாது. இதனைக் கொண்டு பூவரசை விலக்கலாம். பூவரசின் இலையும் இதய வடிவமே. பெயரிலும் அரசு உண்டு. ஆனால் இலை நுனியில் அரசுக்குள்ள நீண்ட வால் இல்லை. குச்சியில் வளையமும் இல்லை. ஒடித்தால் பால் பெருகுவதும் இல்லை. அரசையும் அத்தியையும் தம்முள் பிரிக்க, ஓரிரு இலைகளையாவது சேர்த்துக் கொண்டுவரச் சொல்வது நல்லது. அரசிலை வாலோடு இருக்கும். அத்தியிலை நீண்டு குவிந்து வாலின்றி முடியும். மரத்தடிக்கே சென்றால் ஐயமே இல்லை. அத்தி அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

எஞ்சிய இரண்டும் புற்கள். இராகுவுக்கு அறுகு. அது தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். கேதுவுக்குத் தர்ப்பை. அதன் விளிம்பு விரலைக் கிழிக்கும்; நுனி ஊசிபோலக் கூர்ந்திருக்கும். கூரிய அறிவைக் குசாக்கிர புத்தி என்று சான்றோர் புகழ்வது குசம் எனப்படும் இத்தர்ப்பையின் நுனியை எண்ணியே.

வாத்தியார் இவற்றைக் கூறி முடித்தபோது, வீட்டுப் பாட்டி உள்ளிருந்து வந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேரன் ஒதுக்கப்பட்ட கட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். "வன்னி வேண்டுமானால் கடையில் தேடாதீர்கள். நமக்கு விறகு பிளந்து கொடுத்தவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத மரம் இந்த ஊரில் இல்லை" என்றார் பாட்டி.

அவர் சொன்ன முதியவர் இரண்டு தெரு தள்ளி வசித்தார். பல ஆண்டுகள் வீடுகளுக்கும் கோயில் மடைப்பள்ளிக்கும் விறகு பிளந்தவர். மடைப்பள்ளிக்கு எரிவாயு வந்த பிறகு கோடாலியைப் பரணில் ஏற்றிவிட்டார். பேரன் சென்று அழைத்ததும் வந்து வாசலிலேயே நின்றார். பெரியவர் எழுந்து சென்று, "உள்ளே வாருங்கள், திண்ணையில் உட்காருங்கள்" என்று கைகாட்டினார்.

முதியவர் குச்சியை வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டு செல்லாமல் விரலால் மட்டும் தடவினார். "சீமை உடை, ஐயா. இது அடுப்புக்கு நல்ல விறகு. சாமி காரியத்துக்குக் கேட்ட வன்னி இல்லை." வங்கியில் நோட்டை எண்ணும் காசாளருக்கு விரல் நுனியே கள்ள நோட்டைச் சொல்லிவிடுவதுபோல, அவருக்கும் விரலே சொன்னது.

"தாத்தா, பார்க்காமலே எப்படித் தெரிகிறது?" என்று பேரன் கேட்டான்.

அதற்கு அவர் கூறிய விடை மடைப்பள்ளியின் பாடமாகவே அமைந்தது. நைவேத்தியத்துக்கு நேரம் உண்டு. குறித்த வேளையில் அன்னம் வேக வேண்டுமானால் எந்த விறகு எப்படி எரியும் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஈர விறகு புகையும். புகைந்தால் பரிசாரகரின் கண் எரியும். உலை கொதிக்கத் தாமதமாகும். சந்நிதியில் திரை காத்திருக்கும். ஆகவே கட்டையை வாங்கும்போதே தட்டிப் பார்க்க வேண்டும். உலர்ந்த கட்டைகள் கணீரென்று ஒலிக்கும். ஈரக் கட்டைகள் மந்தமாக ஒலிக்கும். உலர்ந்ததன் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நட்சத்திரம்போல வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டை தளர்ந்து கழன்று வரும்.

அடுத்து மரத்தின் பெயர். சவுக்கு நேராக வளர்வது. அதன் பழுப்புப் பட்டை நார் நாராகத் தொங்கும். 19ஆம் நூற்றாண்டில் இரயில் என்ஜின்களின் எரிபொருளுக்காகச் சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் பெரிதாகப் பயிரிடப்பட்ட மரம் அது. அரைகுறையாக உலர்ந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும்; நேரான இழையானதால் கோடாலிக்கும் இசைந்து கொடுக்கும். கருவேலின் பட்டை கறுத்து, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். உள்ளே வைரம் சிவந்திருக்கும். தணல் நெடுநேரம் நிற்கும். வெள்வேலின் பட்டை பெயருக்கேற்ப வெளிறி மஞ்சள் ஓடியிருக்கும். வேம்பை வெட்டினால் உள்ளே செம்மை தெரியும், இழை பின்னியிருக்கும். அம்மனின் மரம் என்று அதை அடுப்பில் வைக்காத வீடுகள் பல. வாகையை அறுத்தால் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும். கண்ணை மூடிக்கொண்டே அதைச் சொல்லிவிடலாம். முருங்கை பருத்தால் தூணாகாது என்பது பழமொழி. அது நல்ல விறகும் ஆகாது. மூங்கிலை முழுதாகத் தீயில் வைத்தால் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும்.

பிளப்பதிலும் மரத்துக்கு மரம் குணம் வேறு. "வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்கிறோமே, அது நேரிழை மரத்துக்குத்தான் பொருந்தும்" என்றார் முதியவர். நேரிழை மரத்தில் வெட்டுமுகத்தின் வெடிப்புக்கு நேராகக் கோடாலியை இறக்கினால், மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் பிளக்கும். புளியமரம் அவ்வாறு இணங்காது. அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். கோடாலி ஒன்று துள்ளித் திரும்பும். அல்லது உள்ளே சிக்கிக்கொள்ளும். அதன் நடுவில் ஓர் அடிவாரம் அடிப்பதைவிட, விளிம்பிலிருந்து சிறு சிறு செதில்களாகக் கழற்றி வருவதே வழி. பெரிய கட்டையாயின் இரும்பு ஆப்பை வைத்து அடித்து, வாயைத் திறக்கச் செய்ய வேண்டும். ஆப்பை அசைத்த குரங்கின் கதையைப் பேரன் படித்திருந்தான். முதியவர் அதைச் சொல்லித் தம் இடக்கையின் நசுங்கிய நகத்தைக் காட்டினார். பிளவுபடாத அந்தக் குணத்தால்தான் செக்குக்கும் உலக்கைக்கும் கொட்டாப்புளிக்கும் புளியங்கட்டை உதவுகிறது. சிரமப்பட்டுப் பிளந்துவிட்டால் அதன் அனலுக்கு இணை குறைவு.

"எந்த மரமும் கணு இருக்கும் இடத்தில் முரண்டு பிடிக்கும், தம்பி. அங்கே ஒரு கிளை இருந்திருக்கும். அந்தக் கிளையின் இழை கட்டைக்குக் குறுக்கே ஓடும். கணுவை விட்டு விலகி அடிக்க வேண்டும்."

தீயில் வைக்கக் கூடாதவற்றையும் அவர் மறவாமல் கூறினார். அரளி நஞ்சு, அதன் கட்டையை அடுப்பிலும் இடலாகாது, அதன் குச்சியால் எதையும் கிளறவும் ஆகாது. தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் திருநாமத்தை அளித்த அம்மரம் இன்று அருகிலுள்ள பிச்சாவரத்தின் உப்பங்கழிகளில் காணப்படுகிறது. தலவிருட்சமாக வணங்கப்படும் அதனை வெட்டவோ எரிக்கவோ துணியாத வழக்கம், பக்தியோடு பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்தது.

வன்னிக்கு வழி என்ன என்று பெரியவர் கேட்டார். குளக்கரைப் பிள்ளையாரின் பின்புறம் நிற்கும் மரம் வன்னியே என்றார் முதியவர். அந்த ஊரில் அதனை நாள்தோறும் வலம் வந்தவர்கள் பலர். அதன் பெயரை அன்றுவரை கேட்டவர் சிலரே. விருத்தாசலத்திலும் திருவான்மியூரிலும் வன்னி தலவிருட்சமாக விளங்குவதைக் கண்டு வணங்கி வந்த பெரியவருக்கே, தம் வீட்டிலிருந்து நூறடி தொலைவில் அது நிற்பது தெரியாதிருந்தது. அதனை அவர் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

அந்தி மறைவதற்குள் நால்வரும் குளக்கரைக்குச் சென்றனர். பேரன் கிளையை ஒடிக்கக் கை நீட்டினான். முதியவர் தடுத்தார். பச்சைக் குச்சி புகையும். மேலும், சாமி மரத்தில் கை வைக்கக் கூடாது. அண்மையில் அடித்த காற்றில் உதிர்ந்த சுள்ளிகள் தரையில் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தார். பட்டை உரிந்ததை விலக்கினார். புழுத் துளை கண்டதை விலக்கினார். சமித்து விதிகளை அவர் ஓதி அறிந்தவர் அல்லர். ஆயினும் வாத்தியார் கூடத்தில் உரைத்த விதிகளும் அவர் கை விலக்கியவையும் ஒன்றாகவே இருந்தன. இருபத்தெட்டு சுள்ளிகள் தேறின.

மறுநாள் காலை ஹோமம் குறித்த நேரத்தில் தொடங்கியது. சூரியனில் தொடங்கி ஒவ்வொரு கிரகத்துக்கும் உரிய சமித்து நெய்யில் தோய்ந்து அக்னியில் சேர்ந்தது. வன்னியின் முறை வந்தபோது வாத்தியார் மந்திரத்தை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். வாசல் தூணருகே முதியவர் நின்றிருந்தார். பெரியவர் பேரனுக்குக் கண் காட்டினார். பேரன் சென்று முதியவரைக் கைபிடித்து அழைத்துவந்து, கூடத்தில் நாற்காலி போட்டு அமர்த்தினான். வன்னிச் சுள்ளிகள் புகையின்றிப் பற்றி எரிந்தன. ஆசீர்வாதம் முடிந்ததும் பெரியவர் தம் கையால் அவருக்கு வேட்டியும் தாம்பூலமும் அளித்தார். வயதில் தம்மைவிட மூத்தவர் என்பதால் தம்பதியராக அவரை வணங்கினர்.

ஒரு ஹோமம் நிறைவேறியது என்பதோடு இது முடிந்துவிடவில்லை. கடையில் வாங்கிய சமித்தைக் குறைகூறுவதும் இதன் நோக்கமன்று. விற்பவர் அறியாமல் விற்கிறார். வாங்குபவர் அறியாமல் வாங்குகிறார். வன்னியைப் பார்த்து வன்னி என்று சொல்லக்கூடிய ஒருவர் ஊருக்கு ஒருவரேனும் இருக்கும்வரை பிழை திருந்தும். அத்தகையோர் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். ஓலைச்சுவடியில் உள்ளதைப் படியெடுத்து வைக்கலாம். விரல் நுனியில் உள்ளதை மற்றொரு விரலுக்குத்தான் கொடுக்க முடியும்.

ஆகவே ஆலயம் செல்லும் முதியோர் பேரக் குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லும்போது பிராகாரத்தில் சற்று நின்று, தலவிருட்சத்தின் பட்டையைத் தொட்டுக் காட்டலாம். அதன் பெயரைச் சொல்லி, முள் எங்கே இருக்கிறது, கணுவில் வளையம் உண்டா, இலைக்கு வால் உண்டா என்று கேட்கலாம். உதிர்ந்த ஒரு குச்சியை வீட்டுக்கு எடுத்துவந்து, பெயர் எழுதி வைக்கலாம். கோயில் நந்தவனத்தில் இடம் இருக்குமானால் நிர்வாகத்தாரின் ஒப்புதலுடன் புரசும் வன்னியும் அத்தியும் நடலாம். விரலளவு குச்சிக்காகத் தலவிருட்சத்தின் கிளையை ஒடிக்க வேண்டிய தேவை அடுத்த தலைமுறைக்கு நேராது.

சாந்தி முடிந்த வாரத்தில் அந்த வீட்டுப் பேரன் குளக்கரையில் வன்னிக் காய்களைப் பொறுக்கி, விதைகளை இரவு முழுதும் நீரில் ஊறவைத்தான். விறகு பிளந்த முதியவரின் வழிகாட்டுதலில் ஆறு பைகளில் மண் நிரப்பி ஊன்றினான். அவற்றுள் இரண்டு முளைத்தன. ஒன்றில் இப்போது குட்டையான முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அரும்பியிருக்கின்றன. கணுவைத் தள்ளி, இடைப்பட்ட பகுதியில்.

விறகினுள் தீ மறைந்திருப்பதுபோல் இறைவன் மறைந்திருக்கிறான் என்று அப்பர் பெருமான் அருளினார். மதுரை வீதியில் விறகுக் கட்டோடு நடந்தவனை அன்று யாரும் அடையாளம் காணவில்லை. மரத்தையும் மனிதரையும் சற்று நின்று பார்த்து அறிந்துகொள்ளும் பழக்கம் இல்லங்களில் தொடருமாக.